எங்க வீட்டு வண்டிப் பஞ்சாயத்து

ரெண்டு மாசமா எங்க வீட்ல வேற பேச்சே கிடையாது. காலையில காபி குடிக்கும்போது வண்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது வண்டி, ராத்திரி கயித்துக் கட்டில்ல சாஞ்சா பக்கத்துல வந்து உக்காந்து மறுபடியும் வண்டி. பையன் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு ஊரோட வந்துட்டான். தோட்டத்தையும் பாத்துக்கிட்டு, சொந்தமா ஒரு பிக்கப் வாங்கி வாடகைக்கும் ஓட்டலாம்னு அவன் யோசனை. யோசனை நல்லதுதான். எந்த வண்டி, எத்தனை சிசி எஞ்சின் என்பதுலதான் பஞ்சாயத்து ஆரம்பிச்சுது.

எங்களுக்கு இருக்கறது நாலரை ஏக்கர், ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே மலை அடிவாரத்துல. ஒன்றரை ஏக்கர் முருங்கை, ஒரு ஏக்கர் தக்காளி, மிச்சத்துல மக்காச்சோளம், சின்ன வெங்காயம்னு மாறி மாறி வரும். விளையறது எல்லாம் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குத்தான் போகணும். எங்க தோட்டத்துல இருந்து மார்க்கெட் 14 கிலோமீட்டர். இத்தனை வருசமா வாடகை வண்டிதான். அறுப்பு நாள்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வண்டி வேணும். நம்ம முறை வர்றதுக்குள்ள கேரளாவுக்குப் போற லாரி கிளம்பிடும், அப்புறம் கேட்ட விலைக்குத் தள்ளிட்டு வர வேண்டியதுதான். அதனால சொந்த வண்டி வேணும்னு எனக்கும் ஆசை உண்டு.

பையன் கண்ணு 2,500 சிசி மேல. மஹிந்திரா பொலிரோ பிக்கப். "வாங்கறதுதான் வாங்கறோம், பெருசா வாங்கிடுவோம்பா. ஒன்றரை டன் அசால்ட்டா இழுக்கும். மலைக்கும் போகலாம், சந்தைக்கும் போகலாம், கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமானும் ஏத்தலாம்"னான். எனக்கு அதுக்கு நேர் எதிரா ஆசை. குட்டி யானைன்னு சொல்றோமே, டாடா ஏஸ், அது போதும்னு சொன்னேன். 2005-ல அந்த வண்டி வந்தப்போ 702 சிசி, ரெண்டே ரெண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதை வச்சே எத்தனை குடும்பம் பொழச்சுது. எங்க சின்ன மாமனார் வீட்ல அந்த வண்டி ஒண்ணு பதினோரு வருசம் ஓடுச்சு.

என் வீட்டுக்காரி மட்டும் எதுவும் சொல்லல. "ஏங்க, எத வாங்குனாலும் தரைப்பாலத்து ஏத்தத்துல ஏறுற வண்டியா வாங்குங்க"ன்னு மட்டும் ஒரு நாள் சொன்னா. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவ ஏன் அதைச் சொன்னான்னு எனக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும்.

அந்தக் கதையை இதுவரைக்கும் எழுதுனதில்ல. 2023 ஜூலை மாசம். தக்காளி கடையில கிலோ 100 ரூபாயைத் தாண்டி வித்த சமயம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க தோட்டத்துல அன்னிக்கு 82 பெட்டி வந்துச்சு. பெட்டிக்கு 14 கிலோ பழம், பெட்டி எடை ரெண்டு கிலோ, ஆக 16 கிலோ. 82 பெட்டின்னா 1,312 கிலோ. வந்திருந்தது முக்கா டன் ஏத்தற சின்ன வண்டி. ஓட்டிட்டு வந்த பையனுக்கு 22 வயசு இருக்கும், பக்கத்து ஊரு. "அண்ணே, ரெண்டு நடையா அடிச்சுக்கலாமே"ன்னு கேட்டான். நான்தான் விடல. ரெண்டாவது நடை வர்றதுக்குள்ள விலை இறங்கிடும், ஒரே நடையா ஏத்துறான்னேன். வாடகை 200 ரூபாய் கூடத் தர்றேன்னும் சொன்னேன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே ஏத்துனான்.

எங்க தோட்டத்துல இருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரு ஓடையைத் தாண்டணும். தரைப்பாலம். பாலம் முடிஞ்சதும் செங்குத்தா ஒரு ஏத்தம், நூறடி நீளம்கூட இருக்காது. வண்டி பாதி ஏத்தம் போச்சு. அப்புறம் திணறுச்சு, எஞ்சின் அமந்து போச்சு. பையன் பிரேக்கை மிதிச்சான். பாரம் பூரா பின்னால இருந்ததால முன் சக்கரம் தரையில சரியா ஊனல. வண்டி அப்படியே பின்னால வழுக்கி, பின் சக்கரம் ஒண்ணு பாலத்து ஓரத்துல இறங்கி, பக்கவாட்டுல சாஞ்சிடுச்சு. நான் டிவிஎஸ் 50-ல பின்னால வந்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் முன்னால வந்திருந்தா நானும் அடியில போயிருப்பேன். பையனுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சுது. தக்காளி ஓடையில மிதந்துச்சு.

ஆஸ்பத்திரி செலவுல பாதி நான் கொடுத்தேன். முழுசும் கொடுத்திருக்கணும். அவங்கம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல, "உங்க கெட்ட நேரம், எங்க கெட்ட நேரம்"னு சொல்லுச்சு அந்த அக்கா. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். தம்பி இப்போ நடக்கறான், ஆனா லேசா சாய்ச்சு நடக்கறான். வண்டி ஓட்டறதை விட்டுட்டு ஒரு கமிஷன் கடையில கணக்கெழுதறான். மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் பாக்கறேன். அவன்தான் முதல்ல வணக்கம் சொல்றான்.

இப்போ புரிஞ்சிருக்கும், எங்க வீட்ல எஞ்சின் சைஸ் பேச்சு ஏன் இத்தனை நாள் இழுத்துச்சுன்னு. பையன் பெரிய எஞ்சின் கேட்டதுக்கு ஒரு காரணம் அந்த ஏத்தம். நான் சின்ன எஞ்சின் கேட்டதுக்குக் காரணம் கடன் பயம். எங்க ஊர்லயே ஒருத்தர் வீட்டு முன்னால நின்ன வண்டியை, மூணு டியூ கட்டலைன்னு விடியக்காலையில வந்து ஓட்டிட்டுப் போனதை நாங்க எல்லாரும் பாத்திருக்கோம். அன்னிக்கு அந்த வீட்டுப் பொம்பளைங்க அழுத சத்தம் எனக்கு மறக்கல.

பேசிப் பேசித் தீராதுன்னு, எங்க மெக்கானிக் கிட்டப் போனோம். டிராக்டர், பம்பு செட், டீசல் வண்டி எல்லாம் பாக்கறவர். ஐடிஐ படிச்சவர். அவர் எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சுட்டு, சிசின்னா என்னன்னு தெரியுமான்னு கேட்டார். எனக்கு முழுசாத் தெரியாது. "தண்ணி பாட்டில் பாத்திருக்கீங்கள்ல? பிஸ்டன் மேல கீழ போயிட்டு வர்ற இடத்தோட கொள்ளளவுதான் சிசி. எல்லா சிலிண்டரையும் கூட்டிக்கணும். 702 சிசின்னா ஒரு லிட்டர் பாட்டில்ல முக்கா பாட்டில்கூட இல்ல. 1,478 சிசின்னா ஒன்றரை லிட்டர் பாட்டில். 2,523 சிசின்னா ரெண்டரை லிட்டர். அவ்ளோ காத்தை இழுக்குது, அதுக்குத் தக்கன டீசலை எரிக்குது. அவ்ளோதான்"னார்.

அப்புறம் அவரே சொன்னார், சிசியை மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்கன்னு. 2023-க்கு முந்தி வந்த மாருதி சூப்பர் கேரி பெட்ரோல் வண்டி 1,200 சிசி, கார் எஞ்சின்தான் அது, 72 குதிரைத்திறன் சொன்னாங்க. பொலிரோ பிக்கப் 2,523 சிசி டீசல், ரெண்டு மடங்கு பெரிய எஞ்சின். ஆனா குதிரைத்திறன் 75-தான். அப்போ ரெண்டும் ஒண்ணான்னு பையன் கேட்டான். இல்ல. இழுவை, அதாவது டார்க், பெட்ரோல் வண்டியில 100 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம், அதுவும் எஞ்சின் 3,000 சுத்து சுத்துனாத்தான் வரும். அந்த டீசல்ல 200-க்குப் பக்கம், எஞ்சின் மெதுவாச் சுத்தும்போதே வந்துடும். எனக்கு இது மாட்டை வச்சுப் பாத்தப்பதான் பிடிபட்டுச்சு. ரேக்ளா மாடும் மாடுதான், உழவு மாடும் மாடுதான். ஓட விட்டா ரேக்ளா மாடு பறக்கும். சேத்துல மாட்டுன வண்டியை இழுக்கணும்னா உழவு மாட்டைத்தான் அவுத்துட்டு வரணும்.

பழைய குட்டி யானையில இழுவை 39-க்குப் பக்கம்தானாம். அதே கம்பெனியோட இன்ட்ரா வி10 வண்டியில 798 சிசி, அதுலயும் ரெண்டு சிலிண்டர்தான், ஆனா டர்போ வச்சு இழுவை 110. நூறு சிசிகூட வித்தியாசம் இல்ல, இழுவை ரெண்டரை மடங்குக்கு மேல. டர்போங்கறது வெளிய போற புகையை வச்சே ஒரு காத்தாடியைச் சுத்தவிட்டு, எஞ்சினுக்குள்ள கூடுதலா காத்தைத் தள்ளற சாமான். சின்ன அடுப்புல ஊதாங்குழல் வச்சு ஊதற மாதிரி. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு. இத்தனை நாளா சிசி, சிசின்னு பையன்கூட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கேன்.

மெக்கானிக் சாக்பீஸை எடுத்துத் தரையில ஒரு கணக்குப் போட்டார். பத்தடிக்கு ஓரடி ஏறுற ரோடுன்னு வச்சுக்கோங்க. அந்த ரோட்டுல வண்டியும் லோடும் சேந்து எத்தனை கிலோவோ, அதுல பத்துல ஒரு பங்கு உங்களைப் பின்னால இழுக்கும். 800 கிலோ வண்டியில 750 கிலோ ஏத்துனா 155 கிலோ இழுவை. அதே வண்டியில 1,312 கிலோ ஏத்துனா 211 கிலோ. எங்க தரைப்பாலத்து ஏத்தம் பத்துக்கு ஒண்ணு இல்ல, அதைவிடச் செங்குத்து. கணக்குப் போடும்போது அவர் 1,312-ன்னு எழுதுனார். நான் அந்த நம்பரை அவர்கிட்டச் சொன்னதா ஞாபகம் இல்ல. பையன் சொல்லியிருப்பான்.

எந்த எஞ்சினா இருந்தாலும் அன்னிக்கு ஏறியிருக்குமான்னு கேட்டேன். பெரிய எஞ்சின் ஏறியிருக்கும்னார். "ஆனா அதுல நீங்க ரெண்டு டன் ஏத்தியிருப்பீங்க"ன்னார். அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் பண்ணேன். மார்க்கெட்ல கொடுக்கற சிட்டையை எல்லாம் என் வீட்டுக்காரி ஒரு மஞ்சப் பையில போட்டு வச்சிருப்பா. போன வருசத்துச் சிட்டை பூராவும் எடுத்து, நானும் பையனும் ராத்திரி உக்காந்து நோட்டுல எழுதுனோம். எந்தத் தேதி, எத்தனை கிலோ. மொத்தம் 146 நடை. 500 கிலோவுக்குக் கீழ போனது 81 நடை. 500-ல இருந்து 750 வரைக்கும் 39. அதுக்கு மேல, ஒரு டன்னுக்குள்ள 18. ஒரு டன்னைத் தாண்டுனது வெறும் எட்டே எட்டு நடை. 146-ல 120 நடை சின்ன வண்டியிலயே போயிருக்கும். எழுதி முடிக்கற வரைக்கும் எனக்கே இது தெரியாது. கேட்டிருந்தா, வாரம் ரெண்டு தரம் ஒரு டன் போகுதுன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். நல்ல விளைச்சல் வந்த நாள்தான் மனசுல நிக்குது போல.

மைலேஜ் கணக்கும் போட்டோம். ஓட்டறவங்க நாலு பேர்கிட்டக் கேட்டு, லோடோட நம்ம ரோட்டுல என்ன கொடுக்குதோ அதை எடுத்துக்கிட்டோம். விளம்பரத்துல போடற கணக்கு நமக்கு உதவாது. சின்ன டீசல் லிட்டருக்கு 20, ஒன்றரை லிட்டர் எஞ்சின் 15, ரெண்டரை லிட்டர் எஞ்சின் 12. மார்க்கெட் போயிட்டு வர 28 கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய்னு வச்சா, சின்ன வண்டிக்கு 129 ரூபாய், நடுவுல இருக்கறதுக்கு 172, பெருசுக்கு 215. சின்னதுக்கும் பெருசுக்கும் ஒரு நடைக்கு 86 ரூபாய்தான் வித்தியாசம். வருசம் 146 நடைக்கு 12,500 ரூபாய்.

டீக்கடையில உக்காந்து எல்லாரும் மைலேஜைப் பத்தியே பேசறோம். ஆனா பெரிய வண்டி புதுசா எடுத்து எட்டு லட்சம் கடன் போட்டா அஞ்சு வருசத்துக்கு மாசம் 17,400 ரூபாய் டியூ. சின்ன வண்டிக்கு நாலு லட்சம் போட்டா 8,700. ஒரு வருச டீசல் வித்தியாசத்தை ஒன்றரை மாச டியூ வித்தியாசம் முழுங்கிடுது. பெரிய எஞ்சின் குடிக்கற டீசல் நம்மளைக் கவுக்காது. அதுக்கு வாங்குன கடன் கவுத்துடும். தக்காளி பெட்டி 80 ரூபாய்க்கு இறங்கற மாசத்துலயும் அந்த 17,400 நிக்காது.

இதைக் காட்டுனதும் பையன் மொகம் சுருங்கிடுச்சு. "அப்போ உங்க குட்டி யானைதானேப்பா ஜெயிச்சுது"ன்னான். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அவன் விடல. அவன் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தான். பாச்சலூர்ப் பக்கம் மலையில இருந்து வாடகைக்கு யார் யார் கூப்பிடுவாங்க, என்ன லோடு, மாசம் எத்தனை நடைன்னு எழுதி வச்சிருந்தான். எனக்குத் தெரியாம நாலஞ்சு நாள் மலைக்குப் போய் விசாரிச்சுட்டு வந்திருக்கான். மலைவாழை, சௌசௌ, எலுமிச்சை. ஒரு நடைக்கு 1,000, 1,200 கிலோ. முக்கா டன் வண்டிக்கு அந்த வாடகை கிடைக்காது. நம்ம தோட்டத்துக்கு மட்டும் வண்டி வாங்குனா அது வாரத்துல நாலு நாள் சும்மா நிக்கும், சும்மா நிக்கற வண்டிக்கும் டியூ உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, எஃப்சி உண்டுன்னான். அவன் சொன்னதும் சரிதான். இவன் ஊர்ல தங்கணும்னா தோட்டம் மட்டும் போதாது, அது எனக்குத் தெரியாதா?

லைசென்ஸ் பத்தி ஒரு சின்ன சமாச்சாரம், கேக்கறவங்களுக்கு உதவும். பையன்கிட்ட இருக்கறது கார் ஓட்டற சாதா லைசென்ஸ்தான். 7,500 கிலோ மொத்த எடைக்கு உள்ள இருக்கற சரக்கு வண்டியை அதே லைசென்ஸ்ல ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சுல தெளிவாச் சொல்லிடுச்சு. நாங்க பாத்த வண்டி எல்லாமே அந்த எடைக்கு ரொம்பக் கீழ.

சரி, மலைக்கு எந்த எஞ்சின்? இங்கதான் நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். பையனோட சிநேகிதன் ஒருத்தன் அசோக் லேலண்ட் தோஸ்த் வச்சிருக்கான். 1,478 சிசி, மூணு சிலிண்டர், டர்போ. பழைய மாடல்ல 58 குதிரைத்திறன்தான், அந்தப் பெட்ரோல் வண்டியைவிடக் கம்மி, ஆனா இழுவை 157. ஒரு நாள் 20 மூட்டை காம்ப்ளக்ஸ் உரம், மூட்டைக்கு 50 கிலோ, சரியா ஒரு டன், ஏத்திக்கிட்டு வடகாடு வழியா மேல போனான். நானும் கூடப் போனேன்.

பரப்பலாறு அணையைத் தாண்டிப் போகப் போக, ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டே ஏறுச்சு. வளைவுல ஒண்ணாவது. எங்கயும் நிக்கல, எங்கயும் உறுமிக் கெஞ்சல. பெரிய வண்டி ஒண்ணு எங்களைத் தாண்டிப் போச்சு, மூணாவது கியர்ல போயிருக்கும். மேல போய்ச் சேர்றப்போ அது எங்களுக்கு ஏழெட்டு நிமிசம் முன்னால நின்னுச்சு. அந்த ஏழெட்டு நிமிசத்துக்குத்தான் நாலஞ்சு லட்சம்னு நெனச்சுக்கிட்டேன்.

உரத்தை இறக்கிட்டு, கீழ வர 1,200 கிலோ வாழைத்தார் ஏத்துனாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மலை வாடகைன்னா எல்லாரும் ஏத்தத்தைப் பத்தித்தான் பேசறோம். ஆனா பெரும்பாலும் வண்டி காலியா மேல போகுது, லோடோட கீழ வருது! மலையில விளையறது கீழதானே வந்தாகணும். இழுக்கற எஞ்சினைவிட, பிடிச்சு நிறுத்தற வண்டிதான் முக்கியம்.

சிநேகிதப் பையன் நல்லா ஓட்டுனான். ஏறும்போது எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குன்னு பழைய டிரைவர்மாருங்க சொல்ற ஒரு பேச்சு உண்டு. ரெண்டாவது கியர்லயே விட்டான். எஞ்சினே வண்டியைப் பின்னால பிடிச்சுக்கிட்டு வந்துச்சு, வளைவுக்கு வளைவு லேசா பிரேக் தொட்டா போதும். எங்களுக்கு முன்னால ஒரு சின்ன வண்டி போச்சு, மேல வரைக்கும் தார் அடுக்கி. அதோட பிரேக் ஷூ கருகற வாசனை எங்க கண்ணாடிக்குள்ள வந்துச்சு. சின்ன எஞ்சின் அத்தனை பாரத்தைப் பிடிச்சு நிறுத்தாது, டிரைவர் பூரா வழியும் பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வரணும், பிரேக் சூடேறிப் போனா மிதிச்சாலும் பிடிக்காது. எனக்கு அந்தத் தரைப்பாலம் ஞாபகம் வந்துடுச்சு. கையை டேஷ்போர்டுல ஊனிக்கிட்டே வந்தேன். சிநேகிதப் பையன், "பயப்படாதீங்கப்பா"ன்னான். முன்னால போன வண்டி ஒரு எடத்துல ஓரங்கட்டி நின்னுச்சு. பின் சக்கரத்துல இருந்து புகை வந்துச்சு. நாங்களும் நிறுத்தி, தண்ணி ஊத்தாதடா, ஆற விடுன்னு சொல்லிட்டு வந்தோம். சுடற டிரம்ல தண்ணி ஊத்துனா வெடிச்சுடும்.

கீழ வந்ததும் பையன்கிட்டச் சொன்னேன், குட்டி யானை வேண்டாம். அவனும் ரெண்டரை லிட்டர் வேண்டாம்னு அவனாவே சொன்னான். பெருசை எடுத்தா டியூ கட்டறதுக்காகவே கூடுதலா லோடு ஏத்தச் சொல்லும்பா, அதுதான் எனக்குப் பயமா இருக்குன்னான். இதை நான் எதிர்பாக்கல. கடன் பயம் எனக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்.

ஒன்றரை லிட்டர்ல புதுசு பாத்தோம், பழசும் பாத்தோம். டாடா இன்ட்ரா வி30-யும் 1,496 சிசி, நாலு சிலிண்டர், இழுவை 140, அதுவும் 1,300 கிலோ தாங்கும். நல்ல வண்டிதான், ஓட்டிப் பாத்தோம், உள்ள உக்காந்தா கார் மாதிரி இருக்கு. ஆனா புது வண்டிக் கடன் வேண்டாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணதால பழசுக்கே போயிட்டோம். மெக்கானிக் இன்னொரு சங்கதியும் சொன்னார். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகள்ல புகைக்குழாய்ல கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி இருக்கு. அந்தக் கரியை எரிக்கணும்னா வண்டி கொஞ்ச நேரம் நிக்காம நல்ல வேகத்துல ஓடணும். நம்ம மாதிரி பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர், அதுவும் மெதுவா ஓட்டிட்டு நிறுத்தறவங்களுக்கு அது அடைச்சுக்கிட்டு விளக்கு எரியும். வாங்கறவங்க தன்னோட ஓட்டத்தைப் பாத்து வாங்கணும்னார். பிஎஸ்4 வண்டின்னா அவரே ஸ்பேனரை வச்சுப் பாத்துடுவார். புகை கூட வரும்தான், அதைப் பெருமையா சொல்லல. ஆனா இருக்கற வசதிக்கு அதுதான்.

கடைசியில 2018 மாடல் தோஸ்த் ஒண்ணு கிடைச்சுது. தாராபுரம் பக்கம், ஒரே ஓனர். 4 லட்சத்து 10 ஆயிரம். மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனோம். அவர் எஞ்சினைப் பாக்கறதுக்கு முன்னால வண்டிக்கு அடியில படுத்து சேஸ்ல வெல்டிங் வச்சிருக்கான்னு பாத்தார், பின் பட்டையில கூடுதல் பிளேட் சொருகியிருக்கான்னு பாத்தார். கூடுதல் பிளேட் இருந்தா ஓவர்லோடு அடிச்ச வண்டின்னு அர்த்தமாம். இல்ல. அப்புறம் காலையில முதல் ஸ்டார்ட் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு சொல்லி, ராத்திரி அங்கயே தங்கிட்டோம். சில்லுன்னு இருந்த எஞ்சின் ஒரே அடியில பிடிச்சுது. நகையை வச்சு ரெண்டு லட்சம், கையில இருந்தது ஒண்ணேகால், மிச்சத்துக்கு மச்சான்கிட்டக் கைமாத்து. நகைக் கடனுக்கு வட்டி உண்டு, ஆனா விடியக்காலையில வீட்டு வாசல்ல வந்து யாரும் வண்டியை ஓட்டிட்டுப் போக மாட்டாங்க. என் வீட்டுக்காரி வளையலைக் கழட்டித் தரும்போது, "ஏத்தம் ஏறுமா?"ன்னு மட்டும் கேட்டா.

மொதல் நடை போன வியாழக்கிழமை. தக்காளி எழுவது பெட்டி, முருங்கை மூணு கட்டு. கிட்டத்தட்ட 1,200 கிலோ. இன்னும் அஞ்சு பெட்டி களத்துல மீதி இருந்துச்சு. விலை சுமாரா இருந்த நாள், சும்மா விட மனசில்ல. "மேல ஓரமா வச்சுக்கோடா, அஞ்சு பெட்டிதானே, 80 கிலோ"ன்னேன். வாயில வந்த பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு.

பையன் கயித்தை இறுக்கிக் கட்டிட்டு, என் மொகத்தைப் பாக்காமலே, "போதும்பா"ன்னான். வண்டியில ஏறி, தரைப்பாலத்துக்கு முன்னாலயே நிறுத்தி, ஒண்ணாவது கியர் போட்டு, ஒரே மூச்சுல ஏத்துனான். நான் அந்த அஞ்சு பெட்டியையும் டிவிஎஸ் 50-ல கட்டிக்கிட்டு, வண்டி ஏத்தம் ஏறி தார் ரோட்டுல திரும்பற வரைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டு, அப்புறமா கிளம்புனேன். மார்க்கெட்ல கமிஷன் கடை வாசல்ல அந்தத் தம்பிதான் சிட்டை எழுதுனான். வண்டியைச் சுத்தி வந்து பாத்துட்டு, "எத்தனை சிசிண்ணே?"ன்னு கேட்டான்.